வசனக் காலண்டர்: வாங்குமுன் எந்தத் தாள்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும்?

டிசம்பர் பிறந்ததும் ஆலய வாசலிலும் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளிலும் தினசரி கிழிக்கும் வசனக் காலண்டர்கள் வரிசையாகத் தொங்கும். மேய்ப்பனும் ஆடுகளும், அருவி, புறா, கோதுமைக் கதிர் என்று படத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் வாங்குகிறோம். ஆனால் ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள் அந்தப் படம் கண்ணுக்குப் பழகிவிடும். அதன்பின் வருஷம் முழுக்க நம்மோடு பேசப்போவது தாளின் அடியில் இருக்கும் இரண்டு மூன்று வரிகள்தான். பால் பொங்கும் நேரத்தில், பிள்ளைக்கு டிபன் கட்டும் அவசரத்தில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் கண்ணில் படுவது அந்த வரிகளே. அதனால் காலண்டரின் தரத்தை அங்கேதான் பார்க்க வேண்டும்.

முதல் சோதனை வேதாகமத்தின் யோபு புத்தகம். கடையில் நின்றபடியே பத்து இருபது தாள்களைப் புரட்டுங்கள். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வசனம் பெரும்பாலும் எங்காவது இருக்கும். கடை திறப்பு விழா அழைப்பிதழிலும், புதுவருஷ வாக்குத்தத்த அட்டையிலும், கல்யாணப் பத்திரிகையிலும் அடிக்கடி பார்க்கிற வசனம். அது யோபு 8:7. சொன்னவன் பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபிடம், 'உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் போனார்கள், நீ சுத்தமாயிருந்தால் எல்லாம் சரியாகும்' என்று வாதாடிய நண்பன் அவன். அந்த நண்பர்கள் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே 42ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். "நீர் ஒரு காரியத்தை நிர்ணயம்பண்ணினால், அது உமக்கு நிலைவரப்படும்" என்பதும் (யோபு 22:28) இதே வகை. அது அந்த நண்பர்களில் இன்னொருவனான எலிப்பாசின் வாயிலிருந்து வந்தது. யோபு புத்தகத்திலிருந்துதான் நம்பிக்கை தர வேண்டும் என்றால் 42:12 இருக்கிறது. யோபின் முன்னிலைமையைவிடப் பின்னிலைமையைக் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று நடந்த செய்தியாகவே அங்கே வருகிறது. தொகுத்தவர் 8:7ஐப் போட்டிருக்கிறாரா, 42:12ஐப் போட்டிருக்கிறாரா என்பதிலேயே அவர் வேதத்தைத் திறந்து படித்தாரா, பழைய காலண்டரைப் பார்த்து எழுதினாரா என்பது தெரிந்துவிடும்.

அடுத்து எரேமியா 29:11. இது இல்லாத வசனக் காலண்டர் அபூர்வம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." தேர்வு முடிவு வரும் நாளில் இதைப் படித்தால் மார்க்கைப் பற்றிய வாக்குறுதி போலவே கேட்கும். ஆனால் இது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் வரி. முந்தைய வசனத்தில் எழுபது வருஷம் என்று காலக்கணக்கே இருக்கிறது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லி ஜனங்களைக் குளிர்விக்கிறான். அந்த அவசர ஆறுதலுக்கு எதிராகத்தான் தீர்க்கதரிசி எரேமியா எழுதுகிறார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். வேலைக்காக ஊரைவிட்டு வந்து ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவருக்கு, வசனத்தை இப்படி முழுதாகப் படித்தால் கிடைக்கிற தெம்பு வேறு. ரோஜாத் தொட்டி ஒன்று வாங்கி வைக்கவும், பக்கத்து வீட்டுக்காரரின் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளவும் அந்தக் கடிதம் இடம் கொடுக்கிறது.

இதனால் 29:11ஐ அச்சிடுவது தவறு என்றில்லை. தாளில் இடம் குறைவு, முழு அதிகாரமும் கொள்ளாது. நல்ல தொகுப்பாளர் ஒரு சின்ன வேலை செய்வார்: வசனத்தின் அடியில் "வாசிக்க: எரேமியா 29:4-14" என்று பகுதியைக் கொடுப்பார். ஒரு காலண்டரில் வாசிப்புப் பகுதி இருக்கிறதா என்பதைத்தான் என் தராசில் முதலில் வைப்பேன். அது இருந்தால் மற்ற குறை பலவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வசனத்தைப் பாதியில் வெட்டுவது இன்னொரு குறை. உபாகமம் 28:13இல் "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்பதை மட்டும் போட்டு, கட்டளைகளுக்குச் செவிகொடுத்து நடந்தால் என்ற பாதியை விட்டுவிடுவார்கள். பிலிப்பியர் 4:13இல் "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது இருக்கும். ஆனால் அதற்கு முந்தைய வசனத்தில் பவுல் சொல்கிற 'எல்லாம்' எது? திருப்தியாயிருப்பதும் பட்டினியாயிருப்பதும், நிறைவும் குறைவும். காவலில் இருந்துகொண்டு அவர் எழுதிய கடிதம் அது. மாசக்கடைசியில் கையில் காசு இல்லாத வீட்டுக்கு 12ஐயும் 13ஐயும் சேர்த்து அச்சிட்ட தாள்தான் உண்மையில் கைகொடுக்கும்.

அச்சுப் பிழைகளில் ஒன்று அடிக்கடி வரும், அதை மட்டும் சொல்கிறேன். 'எபே'யும் 'எபி'யும். எபேசியருக்கும் எபிரெயருக்கும் ஒரு கொம்பும் சுழியும்தான் வித்தியாசம். "ஏற்ற சமயத்தில் சகாயஞ்செய்யுங் கிருபையை அடையவும், தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்பது எபி 4:16. தாளில் எபே 4:16 என்றிருந்தால், வேதத்தைத் திறக்கிறவர் சரீரத்தின் கணுக்கள் இசைவாய் இணைக்கப்படுவதைப் பற்றிப் படித்துவிட்டுக் குழம்புவார். யோவான் சுவிசேஷமா, 1 யோவான் நிருபமா என்பதிலும் இதே சிக்கல் வரும். கடையில் ஐந்து தாள்களைச் செல்போன் வேதாகமத்தோடு ஒத்துப் பாருங்கள், மூன்று நிமிஷம் ஆகும். ஐந்தில் ஒன்று தவறாக இருந்தாலும் அந்தக் காலண்டரைத் திருப்பி மாட்டிவிட்டு வந்துவிடலாம்.

பிறகு பண்டிகை நாள்கள். ஈஸ்டர் வருஷாவருஷம் நகரும். 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. அதற்கு 46 நாள் முன்பு, லெந்து என்ற தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். 2027இல் அது பிப்ரவரி 10. போன வருஷ வசனப் பட்டியலை அப்படியே தேதி மாற்றி அச்சிட்ட காலண்டராக இருந்தால் பெரிய வெள்ளித் தாள் காட்டிக்கொடுத்துவிடும். 2027 மார்ச் 26ஆம் தேதித் தாளைத் திருப்புங்கள். அங்கே சிலுவை இல்லாமல் வாழ்த்துச் செய்தி மாதிரி ஏதாவது இருந்தால், லெந்து காலம் முழுவதும் அப்படித்தான் இருக்கும்.

எந்த மொழிபெயர்ப்பு என்பதும் முக்கியம். தமிழ் புராட்டஸ்டண்ட் வீடுகளில் காதுக்குப் பழகியது 1871இல் ஹென்றி பவர் தலைமையில் வந்த திருத்தத்தின் நடை. சங்கீதம், கர்த்தர், கிருபாசனம் என்ற சொற்கள் அந்த நடையில் வருபவை. கத்தோலிக்க வீடுகளில் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு: திருப்பாடல்கள், ஆண்டவர். பாட்டி மனப்பாடமாகச் சொல்கிற வசனமும் தாளில் இருக்கிற வசனமும் ஒத்துப்போனால்தான் அந்த வீட்டில் அது வாயில் நிற்கும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் எளிய மொழிபெயர்ப்பு உள்ள காலண்டரே நல்லது. "சகாயஞ்செய்யுங் கிருபை"யில் அவர்கள் தடுக்கி விழ வேண்டியதில்லை.

ஆறுதல் வசனங்களிலேயே இன்னொரு குறை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். காலண்டரில் அவை தேடினாலும் கிடைக்காது. ஆசீர்வாதம், ஜெயம், உயர்வு என்று தொடர்ந்து முப்பது தாள் கிழித்தபின், துக்க வீட்டில் இருப்பவருக்குத் தன் நிலைமைக்கு வேதத்தில் வார்த்தையே இல்லை என்று தோன்றிவிடும். இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சங்கீதம் 13 கேட்கிறது. சங்கீதம் 88 இருட்டிலேயே முடிகிறது. எல்லோரும் சொல்கிற "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வரி எங்கே இருக்கிறது? புலம்பல் என்ற புத்தகத்தில், 3:23இல். எரிந்துபோன எருசலேமைப் பார்த்து அழுதவன், அதே அதிகாரத்தில் தன் பற்கள் பருக்கைக்கற்களால் நொறுங்கியதைச் சொன்னபிறகு பேசுகிற வரி அது. மாதத்துக்கு இரண்டு தாளாவது இப்படிப்பட்ட வசனத்துக்கு ஒதுக்கியிருக்கும் காலண்டரைக் கண்டால் விலை பார்க்காமல் வாங்குங்கள். அதை இறப்பு நடந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சபையார் 1731 முதல் வருஷந்தோறும் தின வசனங்களை அச்சிட்டு வருகிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். புதிய ஏற்பாட்டு வசனத்தை அதற்குப் பொருத்தமாக ஆள் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பார்கள். இரண்டும் ஒரே நாளுக்கு அருகருகே வரும்போது ஒன்றை ஒன்று விளக்கும். தமிழ்க் காலண்டர்களிலும் இப்படி இரட்டை வசனம் கொடுப்பவை உண்டு. கிடைத்தால் அதற்கே முதலிடம்.

இனி பொருளாகப் பார்த்தால். தாள்கட்டின் தலையில் தகரப்பட்டை அழுத்தியிருக்க வேண்டும். ஸ்டேப்ளர் பின் மட்டும் அடித்திருந்தால் பாதி வருஷத்தில் கழன்று தொங்கும். கிழிக்கும்போது இடது கைக் கட்டைவிரலால் பட்டையை அமுக்கிக்கொண்டு, தாளை ஒரு மூலையிலிருந்து கீழ்நோக்கி இழுங்கள். நேராக முன்னால் இழுத்தால் வசனத்தோடு சேர்ந்து கிழியும். அடுப்புக்கு நேரே மாட்டாதீர்கள். தாளிக்கும் எண்ணெய்ப் புகையில் தாள்கள் ஒட்டிக்கொண்டு இரண்டிரண்டாக வரும். சமையலறை வாசல்நிலைக்கு வெளிப்பக்கம், நிற்பவரின் கண்மட்டத்தில், சரியான இடம். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு வாங்கினால் எழுத்தளவைக் கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். சில பெரிய காலண்டர்களில் தேதி எண் மட்டும்தான் பெரிது, வசனம் எறும்பெழுத்தில் இருக்கும்.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம், பலரும் தவறவிடுவது இதைத்தான். கிழித்தோம், படித்தோம், போட்டோம் என்றிருந்தால் பத்து மணிக்கெல்லாம் வசனம் மறந்துவிடும். கிழித்ததும் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். வேதத்தில் அந்த வசனத்துக்கு முன் மூன்று, பின் மூன்று வசனம் பாருங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால், அதில் அன்று யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர் பேரை எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா நல்லது, ஜெல் பேனா மெல்லிய தாளில் ஊறிவிடும். தாளை மடித்து டிபன் பையிலோ சட்டைப்பையிலோ வையுங்கள். இரவில் அதே தாளில் ஒரு வரி: ரேஷன் கடையில் யார் இடம் விட்டுக் கொடுத்தார், கோபத்தில் எந்த வார்த்தை வாயிலிருந்து வராமல் நின்றது, மருந்துச் செலவுக்கு எங்கிருந்து வழி வந்தது. பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுங்கள். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம். வசனம் எழுதிய தாளைக் குப்பையில் போட மனசு வராதவர்களுக்கு இந்த டப்பா அந்தச் சங்கடத்தையும் தீர்க்கும். மாசக்கடைசியில் முப்பது தாளையும் வரிசையாகப் படித்தால், அன்றன்றைக்குக் கண்ணில் படாத நன்மைகள் வரிசையாக நிற்கும்.

நாளைய தாளை இன்றே தூக்கிப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வரும், பெரியவர்களுக்கும் உண்டு. நல்ல வசனம் வருகிறதா என்று முன்னாலேயே தேடுவது காலண்டரைக் குறி கேட்கிற சீட்டாக்கிவிடும். வனாந்தரத்தில் தினந்தோறும் கிடைத்த மன்னா என்ற உணவை மறுநாளுக்கென்று எடுத்து வைத்தவர்களின் பாத்திரத்தில் புழுதான் இருந்தது (யாத்திராகமம் 16:20). "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னதற்கு இந்தத் தாள்கட்டைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

வாக்குத்தத்தப் பெட்டியும் இதே கதைதான், அதில் ஆபத்து கொஞ்சம் அதிகம். அப்பம் வடிவத்தில் வரும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சின்ன அட்டைகள். பிடித்த அட்டை வரும்வரை எடுத்துக்கொண்டே இருக்கலாம் என்பதுதான் அதன் பலவீனம். காலண்டரில் இன்றைய தாள் ஒன்றுதான், மாற்ற முடியாது. பிள்ளைகள் மனப்பாடம் செய்யப் பெட்டி உதவும், அதற்கு வாங்கலாம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையை வேதத்துக்குள் சொருகி மூடிவிடாமல், அந்த வசனம் இருக்கிற பக்கத்திலேயே வைத்து, ஜனவரி முடிவதற்குள் வேதத்தில் அந்த வசனம் வரும் புத்தகம் முழுவதையும் படித்து முடியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் வசனப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை வணக்கங்களோடு சேர்ந்து மேலே ஏறிப் போய்விடுகிறது.

ஆடிப்பெருக்கன்றே சிவகாசியில் அடுத்த வருஷ காலண்டர் மாதிரிகள் வந்துவிடும். சபைக்கோ சங்கத்துக்கோ மொத்தமாக அடிக்க நினைப்பவர்கள் அந்தச் சமயத்திலேயே வசனப் பட்டியலைக் கேட்டு வாங்கி, சபையில் இரண்டு பேரை உட்காரவைத்துச் சரிபார்க்கலாம். அட்டையில் போடும் சபைப் பெயரை நான்கு முறை சரிபார்க்கிறோம், வசனத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒற்றையாக வாங்குபவர்கள் டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் போய்விடுங்கள், அதன்பின் மிச்சம்தான் இருக்கும். கையில் எடுத்ததும் பெரிய வெள்ளித் தாள், யோபு வருகிற தாள் ஒன்று, உங்கள் வீட்டில் யாராவது மறைந்த தேதியின் தாள். இந்த மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு விலை கேளுங்கள்.