பாம்பன் காற்றுக்கு எந்த லேப்டாப் தாங்கும்?

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவரிடம் ஐ5-ஆ, ஐ7-ஆ, ரேம் எத்தனை ஜிபி என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பாம்பனில் ஒரு நண்டு கம்பெனிக்கு எடைக் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதுகிற நான், முதலில் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பின்மூடித் திருகுகளைப் பார்ப்பேன். திருகுத் தலையில் செம்பழுப்பு படிந்திருந்தால் விலைகூடக் கேட்பதில்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் துருப்பிடித்துத் தளர்ந்து, 2022 டிசம்பரில் அதன்மேல் ரயிலையே நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் தீவுக்கு ரயில் இல்லை. அதே உப்புக்காற்றுதான் என் மேசைக்கும் வருகிறது. லேப்டாப்பின் விசிறி அதை உள்ளே இழுக்கிறது. உப்புத்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, கொஞ்ச நாளில் செம்பு பச்சையாகப் பூத்துவிடுகிறது.

என்னிடம் நெடுநாள் இருந்தது லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்230. 2012-இல் வந்த மாடல், ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். விசைப்பலகையில் விரல் வைத்தால் எடுக்க மனம் வராது. தமிழ்99 விசையமைப்பில் நாள் முழுக்கத் தட்டினாலும் கை சலிக்காது. ரேம், ஹார்டு டிஸ்க் இரண்டையும் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். ஆனால் பேட்டரியில்தான் மாட்டிக்கொண்டேன். அந்த வரிசை மாடல்கள் அசல் அல்லாத பேட்டரியை அடையாளம் கண்டுகொண்டு சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். அசலோ அலமாரியில் பல வருடம் கிடந்து பாதி உயிர் போனதாகத்தான் கிடைக்கிறது. திரை 1366-க்கு 768 புள்ளிதான். விரிதாளில் தமிழ்ப் பெயர்களின் கொம்பும் புள்ளியும் மங்கித் தெரியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் டேலி. அது விண்டோஸில் ஓடுகிற கணக்கு மென்பொருள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் முடித்துவிட்டார்கள். எக்ஸ்230-க்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிற கடைகள் உண்டு. கம்பெனியின் வங்கிக் கணக்கைத் திறக்கிற லேப்டாப்பில் அந்த வேலையைச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுக் கடிதம் தட்டுகிறவருக்கு இன்றும் அது போதும்.

அடுத்தது, என் மைத்துனர் மகளுக்காக வாங்கிய புத்தம் புதியது. செலிரான் என்4020 பிராசசர், நான்கு ஜிபி ரேம், விலை இருபத்து நான்காயிரம். மெல்லியது, எடையே இல்லை. இதன் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது: இந்தச் சில்லு மிகக் குறைந்த மின்சாரம் இழுப்பதால் விசிறியே வைக்கவில்லை. ஆக, உப்புக்காற்றை உறிஞ்சும் வேலையும் இல்லை. இதைப் பார்த்தவுடன் நானே ஒரு கணம் தடுமாறினேன். பிறகு பின்மூடியைத் திறந்தேன். ரேம், சேமிப்பகம் எல்லாமே மதர்போர்டில் பற்றவைத்தவை. ஒன்று போனால் மொத்தமும் போனது. வாரண்டி அட்டையைப் படித்தால், ஈரத்தாலும் அரிப்பாலும் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கிறது. சேவை மையம் மதுரையில். இரண்டு கோர் மட்டுமே உள்ள அந்தச் சில்லு, உலாவியில் நான்கு பக்கம் திறந்தாலே பெருமூச்சு விடுகிறது. இருபத்து நான்காயிரத்தில் வாங்கக்கூடிய மிக மோசமான பொருள் இதுதான் என்பது என் தீர்ப்பு; மைத்துனர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது நான் வைத்திருப்பது 2018-இல் வந்த திங்க்பேட் டி480. பெங்களூர் அலுவலகம் ஒன்றில் வாடகைக்கு ஓடித் திரும்பியது. மதுரைக் கடையில் இருபத்தோராயிரம். பிராசசர் இன்டெல் ஐ5-8250யூ, எட்டாம் தலைமுறை, நான்கு கோர். இன்டெல்லில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கிற பட்டியல், சில விலக்குகள் தவிர, இந்த எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. இங்கேதான் ஏமாறுகிறார்கள். முந்தைய டி470 பார்க்க இதன் இரட்டைப் பிறவி, உள்ளே ஏழாம் தலைமுறை அல்லது அதற்கும் முந்தையது. டி480 என்ற பெயரிலேயே ஏழாம் தலைமுறை பிராசசரோடும் சில வந்தன. மூடியில் இருக்கும் பெயரை நம்பாமல் பிராசசர் எண்ணைத் திரையில் பார்க்க வேண்டும்.

எனக்கு இதில் பிடித்தது இரட்டை பேட்டரி. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. கரண்ட் போன நேரத்தில், லேப்டாப்பை அணைக்காமலே வெளிப் பேட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். அதுவரை உள்ளிருப்பது தாங்கும். ஏலம் நடக்கும்போது இந்த அரை நிமிடத்தின் அருமை தெரியும். இரண்டு ரேம் இடங்களும் மாற்றக்கூடியவை. குறை இல்லாமலும் இல்லை. யுஎஸ்பி-சி துளையை இயக்கும் தண்டர்போல்ட் மென்பொருளில் இருந்த பிழையால் பலருக்கு அந்தத் துளையே செத்துப்போனது. அதற்கான திருத்தத்தை நிறுவனமே வெளியிட்டது. கடையிலேயே அந்தத் துளையில் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். லேப்டாப் தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் நுழைந்து, பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் பூட்டு இல்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். திங்க்பேடில் அந்தப் பூட்டை எடுப்பது லேசான வேலை இல்லை.

கீழக்கரையில் இன்னொரு வழியும் உண்டு. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் லேப்டாப்கள். ஒருவர் எச்பி எலைட்புக் 840 ஜி5 ஒன்றைக் காட்டினார். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். "காக்கா, இதுவும் கடற்கரை ஊரில் ஓடியதுதானே?" என்றேன். "ஏசி அறையை விட்டு வெளியே வந்ததே இல்லை, தம்பி" என்றார். திருகுகளைப் பார்த்தேன், உண்மைதான். விசைகளில் அரபு எழுத்து, சார்ஜரில் தடித்த மூன்று முள் பிளக். வயரை மட்டும் மாற்றினால் போதும், அடாப்டர் இங்குள்ள மின்சாரத்தை ஏற்கும். டி480-க்கு நிகரானதுதான், அதே எட்டாம் தலைமுறை. பேட்டரி ஒன்றுதான், அதுவும் மூடிக்குள் என்பதால் விட்டுவிட்டேன். மின்வெட்டு தொல்லை இல்லாத வீடென்றால் யோசிக்காமல் எடுக்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையேறிச் சாயம் பூசிக்கொள்ளும் அந்த நாட்களில் எனக்கும் வேலை குறைவு. டி480-இன் உள்பேட்டரியை பயாஸில் முடக்கிவிட்டு மூடியைத் திறக்கிறேன். ஆறு திருகுகளும் மூடியிலேயே தொங்கி நிற்பதால் மணலில் விழுந்து தொலைவதில்லை. விசிறியைத் தூரிகையால் தட்டி, ரேமின் முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கிறேன். போன முறை துணியில் பச்சை வரவில்லை. ஆனி பிறந்து கச்சான் காற்று கிளம்பினால், தெற்கு ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பது.