கேப்சர் முடிந்ததும் சிடி எண்ணைக் கேளுங்கள்

கொழும்பில் எக்சோம் சீக்வென்சிங் (முழு டி.என்.ஏயில் புரதத்துக்கான எக்சோன் பகுதிகளை மட்டும் வாசிப்பது) கொடுக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள். நிறுவனத்தின் பெயர் போடவில்லை, காசு விஷயம் இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது.

காலி வீதிப் பக்கம் ஒரு நிறுவனம். லைப்ரரியும் (டி.என்.ஏயைத் துண்டாக்கி முனைகளில் அடாப்டர் என்ற சிறு டி.என்.ஏ ஒட்டியது) கேப்சரும் (அதிலிருந்து எக்சோன் துண்டுகளைப் பிடித்தெடுப்பது) இங்கேயே செய்து, சீக்வென்சிங்குக்கு மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். 8 சாம்பிள் கொடுத்தோம். கேப்சர் முடிந்தது என்று பயோஅனலைசர் படம் ஒன்று வந்தது. 300 எழுத்துச் சொச்ச நீளத்தில் வடிவான ஒற்றைக் கூம்பு. பார்த்துவிட்டு நானும் "சரி, அனுப்புங்கோ" என்றேன். அங்கேதான் கோட்டை விட்டேன். அந்தப் படம் துண்டின் நீளத்தையும் அளவையும்தான் காட்டும். குழாய்க்குள் இருப்பது எக்சோனா குப்பையா என்று அதற்குத் தெரியாது.

தரவு வந்தது. வாசித்ததில் இலக்கான எக்சோன்களில் விழுந்தது 19 சதவீதம். 70 வரும் என்று கணக்குப் போட்டு 100 மடங்கு ஆழம் (ஓரிடத்தைச் சராசரியாக 100 தடவை வாசிப்பது) பேசியிருந்தோம், கிடைத்தது 27. கேட்டால், "உங்கட டி.என்.ஏ பழுதாய் இருந்திருக்கும் தம்பி" என்றார் மேலாளர்.

சண்டை பிடித்து மிச்சக் குழாய்களை வாங்கி வந்து நாங்களே கியூபிசிஆர் போட்டோம். ஒரு துண்டைச் சுழற்சிக்குச் சுழற்சி இரட்டிப்பாக்கி அளப்பது அது; எத்தனையாவது சுழற்சியில் துண்டு தெரியவருகிறதோ அதுதான் சிடி எண், துண்டு கூட இருந்தால் சிடி முந்தும். கேப்சருக்கு முந்திய லைப்ரரி, பிந்தியது, இரண்டிலும் ஒரே அளவு நானோகிராம். நான்கு எக்சோனுக்கு பிரைமர் (இரட்டிப்பாக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ), இலக்குக்கு வெளியே ஓரிடத்துக்கு ஒன்று. ஜீனோம் ஏறக்குறைய 310 கோடி எழுத்து, எங்கள் கிட்டின் இலக்கு 3.5 கோடி. ஒன்றுவிடாமல் இலக்கையே பிடித்தாலும் 90 மடங்குக்குக் கிட்டத்தான் செறியும். 70 சதவீதம் என்றால் 60 சொச்சம், அதாவது சிடி 6 சுழற்சி முந்த வேண்டும். எங்களுடையது 4 தான் முந்தியது. வெறும் 16 மடங்கு. வெளியிடத்து பிரைமர் ஒன்றரைச் சுழற்சியாவது பிந்தியிருக்க வேண்டும், அது அசையவேயில்லை. இவ்வளவுக்கும் அரை நாள் வேலை, ஒரு பிளேட்.

அப்புறம் தோண்டத் தோண்ட விஷயம் வெளியே வந்தது. லைப்ரரியில் இருந்தது இரட்டை இன்டெக்ஸ் (சாம்பிளை அடையாளம் காட்டும் குறியீடு) அடாப்டர், அடாப்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மறைக்க அவர்கள் போட்ட பிளாக்கர் ஒற்றை இன்டெக்ஸுக்கானது. அடாப்டரோடு அடாப்டர் ஒட்டிக்கொண்டு, சம்பந்தமில்லாத துண்டுகளும் வால் பிடித்து வந்துவிட்டன. டி.என்.ஏயில் ஒரு பழுதும் இல்லை.

சீக்வென்சிங் காசு கட்ட முன் இந்தச் சிடி எண்களைக் கேளுங்கள். முந்திய லைப்ரரியில் கொஞ்சம் எடுத்து வைக்கவும் சொல்லுங்கள், அது இல்லாமல் ஒப்பிட ஏலாது.

அடுத்த முறை விலைக்கழிவு தருகிறார்களாம். அந்தச் சிடி எண்ணை எழுத்தில் தருவீர்களா என்று கேட்டேன்.

"இதெல்லாம் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை தம்பி" என்றார்.