குயின்ஸ் தோசைக் கடை: ருசியில் குறையில்லை, ஆனால் இனிப் போகமாட்டேன்

நியூயார்க் குயின்ஸில் இருக்கும் இந்தத் தென்னிந்திய உணவகத்துக்கு நானும் என் கணவரும் ஆறு வருடங்களாகப் போகிறோம். தோசை ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று இருக்கும். சாம்பாரில் சின்ன வெங்காயம் முழுசாகக் கிடக்கும். போன மாதம் வரை யார் கேட்டாலும் இங்கேதான் போகச் சொல்வேன்.

எங்களுக்கு வழக்கமாகப் பரிமாறும் தம்பியைக் கொஞ்ச நாளாகக் காணோம். அப்புறம் ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் பார்த்தோம். "அக்கா, நாங்க ஏழு பேர் சேர்ந்து கேஸ் போட்டிருக்கோம்" என்றார்.

சனி, ஞாயிறுகளில் காலை பதினொன்றிலிருந்து இரவு பதினொன்று வரை வேலை. சம்பளச் சீட்டில் எட்டு மணி நேரம்தான் இருக்குமாம். கார்டில் வரும் டிப்ஸில் மேனேஜருக்கும் ஒரு பங்கு. இதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. எண்பது டாலர் பில்லுக்குப் பதினாறு டாலர் வைத்துவிட்டு, அது அந்தத் தம்பிக்குத்தான் போகிறது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்திருக்கிறோம்.

இங்கே டிப்ஸ் வெறும் அன்பளிப்பு இல்லை, கூலியில் ஒரு பங்கே அதுதான். 2025-ல் நியூயார்க் நகரக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலராக இருந்தது. பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் கிடைக்கிறது என்று சொல்லி முதலாளி 11 டாலர் கொடுத்தால் போதும் என்றிருந்தது. மீதி 5.50 நம் பையிலிருந்து போனது. அதில் மேனேஜர் கை வைக்கச் சட்டத்தில் இடமே இல்லை.

தம்பி தினசரி காலண்டர் தாள்களைக் கிழித்து, பின்பக்கம் வந்த நேரம், போன நேரம் எழுதி வைத்திருக்கிறார். கட்டுக்கட்டாகக் காட்டினார். முதலாளி ஒழுங்காகக் கணக்கு வைக்காவிட்டால் தொழிலாளியின் குறிப்பையும் நீதிமன்றம் ஏற்கும். மாநிலச் சட்டப்படி ஆறு வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். 2008-ல் மன்ஹாட்டன் சைகான் கிரில் உணவகத்தின் டெலிவரி ஊழியர்கள் 36 பேர் இப்படிச் சேர்ந்து போராடித்தான் சுமார் 46 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு வாங்கினார்கள்.

ஏழு பேருக்கும் பாக்கி வந்து சேரும்வரை நான் அந்தப் படி ஏறமாட்டேன். அவர்களில் இரண்டு பேர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். வழக்குப் போட்டதற்காக அவர்களை நீக்கக் கூடாது. நீங்கள் போனால் டிப்ஸைக் கார்டில் போடாதீர்கள், பரிமாறியவர் கையிலேயே ரொக்கமாகக் கொடுங்கள்.