ஏகேடியை அளக்க எது: வெஸ்டர்ன் பிளாட்டா, எலைசாவா, செயல்பாட்டுச் சோதனையா?

கருப்புக் கவுனித் தவிட்டுச் சாற்றை மனிதக் கல்லீரல் செல்லில் விட்டு, "இன்சுலின் பாதையைத் தூண்டுகிறது" என்று எழுதத் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ யாராவது உட்கார்ந்தால், முதலில் தேடுவது ஏகேடி கைனேஸைத்தான் (கைனேஸ் என்றால் புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி). இன்சுலின் வந்ததும் பிஐ3 கைனேஸ் சவ்வில் பிஐபி3 கொழுப்பை உண்டாக்கும். ஏகேடி அதில் போய் ஒட்டும். அதன் 308ஆம் அமினோ அமிலமான த்ரியோனினில் பிடிகே1 என்ற கைனேஸும், 473ஆம் அமினோ அமிலமான செரினில் எம்டார் கூட்டு 2 என்ற கைனேஸும் பாஸ்பேட்டைப் பூட்டும். இரண்டும் பூட்டினால்தான் ஏகேடி முழுதாக வேலைசெய்யும்.

வெஸ்டர்ன் பிளாட்டில் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடுவார்கள்; பட்டையைக் கண்ணால் பார்க்கலாம். 60 கிலோடால்டன் பக்கத்தில் வராததை நம்ப வேண்டியதில்லை. ஜெல்லின் ஒரு பாதைக்கு (லேன்) 20–30 மைக்ரோகிராம் புரதம், 10 சதவீத ஜெல். வேலை கெடுவது பெரும்பாலும் ஜெல்லுக்கு முன்பே. மீடியத்தை உறிஞ்சிவிட்டுத் தட்டை மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் பாஸ்பட்டேஸ் நொதிகள் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். தட்டு ஐஸ்மேல் இருக்கட்டும். செல்லை உடைக்கும் பஃபரில் ஆர்த்தோவனடேட் மட்டும் போதாது, அது டைரோசின் பாஸ்பட்டேஸ்களுக்கான தடை. செரினுக்கும் த்ரியோனினுக்கும் 50 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடு, 10 மில்லிமோலார் பீட்டா கிளிசரோபாஸ்பேட். மெம்பிரேனைப் பால்பவுடரில் ஊறப்போடும் பழக்கமும் இங்கே வேண்டாம்: பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்னணி கறுத்துவிடும். அதற்குப் பதில் 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ரத்த அல்புமின்) விலை கூடத்தான், என்ன செய்வது.

கத்திரி வெயிலில் 100 வோல்ட்டில் ஒரு மணி நேரம் டிரான்ஸ்ஃபர் (ஜெல்லிலிருந்து மெம்பிரேனுக்கு மாற்றுவது) ஓடினால் தொட்டி கொதிக்கும். நடுவில் ஐஸ்பேக்கை மாற்றுங்கள். 30 வோல்ட்டில் இரவு முழுக்க ஓட்டுவது நிதானம், பவர்பேக் யுபிஎஸ்ஸில் இருந்தால்.

மாதிரிகள் நிறைய என்றால் எலைசா: குழித் தட்டில் ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து, நிறத்தால் அளப்பது. 96 குழியில் இரட்டையாக வைத்தாலும் 40 மாதிரி ஒரே தட்டில் முடியும். ஆனால் கையேட்டின் 'அறை வெப்பநிலை' 20–25 டிகிரி, தஞ்சாவூர் மே மாதத்து அறை அல்ல. ஏசி இல்லாவிட்டால் ஓரக் குழிகள் காயும், நிறம் அவசரமாக ஏறும். மொத்த ஏகேடிக்குத் தனிக் குழி வைக்காவிட்டால், செல் செத்ததா சமிக்ஞை குறைந்ததா என்று பிரிக்க முடியாது.

செயல்பாட்டுச் சோதனையில் ஏகேடியை ஆன்டிபாடி மணிகளால் இழுத்து, ஏகேடி பாஸ்பேட் ஏற்றும் ஜிஎஸ்கே3 புரதத்தின் துண்டும் 200 மைக்ரோமோலார் ஏடிபியும் சேர்த்து 30 டிகிரியில் 30 நிமிடம் விடுவார்கள். சாதாரண வாட்டர்பாத்துக்குச் சூடாக்கத்தான் தெரியும். அறையே 36 என்றால் 30 எங்கிருந்து வரும்?

முதல் இரண்டும் காட்டுவது பாஸ்பேட்டை, வேலையை அல்ல. ஏடிபியின் இடத்தில் உட்காரும் ஐபடாசெர்டிப் போன்ற தடுப்பான்கள் ஏகேடியை முடக்கும். ஆனால் 308, 473 இரண்டிலும் பாஸ்பேட் கூடும். எம்கே2206 என்ற தடுப்பான் வேறு இடத்தில் பிடிக்கும், அதில் பாஸ்பேட் குறையும். பட்டை தடித்ததை மட்டும் பார்த்தவர் முதல் மருந்தைத் தூண்டி என்றே எழுதிவிடுவார்.

அதனால் என் ஓட்டு பிளாட்டுக்கு, ஒரு திருத்தத்தோடு. மெம்பிரேனை 50 கிலோடால்டனில் குறுக்கே வெட்டுங்கள். மேல் துண்டில் ஏகேடி. கீழ்த் துண்டில் 40 பக்கம் வரும் பிராஸ்40 புரதத்தின் 246ஆம் த்ரியோனின். அதில் பாஸ்பேட் போடுவது பெரும்பாலும் ஏகேடிதான். கூடவே 100 நானோமோலார் இன்சுலின் 15 நிமிடம் கொடுத்த செல்லுக்கு ஜெல்லில் பாதை ஒன்று, இன்சுலினுக்கு அரைமணி முன்பே பிஐ3 கைனேஸைத் தடுக்கும் வார்ட்மானின் 200 நானோமோலார் கொடுத்த செல்லுக்குப் பாதை ஒன்று. வார்ட்மானின் பாதையிலும் கீழ்ப்பட்டை மங்காமல் நின்றால், சாற்றின் பாதையைப் பார்க்கவே வேண்டாம், ஆன்டிபாடியை மாற்றுங்கள்.