ஆர்மிக்கு ட்ரை பண்ற பசங்க டாட்டூ கடைக்காரன் பேச்ச நம்பி கைய நீட்டாதீங்க

என் தம்பிக்கு நடந்தது இது. கடை பேரு போடல, வக்கீல் நோட்டீஸ் வாங்குற தெம்பு எங்க வீட்ல யாருக்கும் இல்ல, அண்ணா நகர் பக்கம்னு மட்டும் வெச்சுக்கோங்க.

நாங்க ஆவடி. காலைல எந்திரிச்சா யூனிஃபார்ம் போட்டவங்க முகத்துல தான் முழிக்கணும், அதனால சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு ஆர்மி பைத்தியம், போதாக்குறைக்கு தோனி வேற. 2019 வேர்ல்ட் கப்ல தோனி கீப்பிங் க்ளவுஸ்ல ரெக்கை வெச்ச கத்தி ஒண்ணு இருந்துச்சே, ஐசிசி கூட கூடாதுன்னு சொல்லி பெரிய பஞ்சாயத்து ஆச்சே, அந்த பலிதான் பேட்ஜ் தான் இவனுக்கு கைல வேணுமாம். அது பாரா ஸ்பெஷல் ஃபோர்ஸ் ஆளுங்க மட்டும் போடுற பேட்ஜ், ஆர்மிலயே மத்தவங்க அந்த பேட்ஜ போட்டுக்க முடியாது. இவன் அப்போ அப்ளிகேஷனே போடல, அது வேற விஷயம்.

18 முடிஞ்ச கையோட ஃப்ரெண்ட கூட்டிட்டு போயிருக்கான். வாய தொறந்து கேட்டிருக்கான், "அண்ணா நான் அக்னிவீருக்கு ட்ரை பண்றேன், இதனால பிரச்சனை வருமா"ன்னு. அதுக்கு அந்தாளு, "நம்மகிட்ட எத்தனை ஆர்மிக்காரங்க வந்து போட்டுட்டு போறாங்க தெரியுமா தம்பி, முழங்கைக்கு கீழ தான் கூடாது, மேல போட்டா சட்டைக்குள்ள மறைஞ்சிடும், எவன் பாக்க போறான்"னு சொல்லி புஜத்துல குத்தி விட்டான். கத்திய சுத்தி பச்சை கலர்ல கேமோஃப்ளாஜ் டிசைன் வேற, அது இவன் கேக்கவே இல்ல, அவனா சேத்தது. ரூ.7,000. பில் கிடையாது, ஜிபே தான்.

ரூல் அப்படியே தலைகீழ். ஆர்மில பர்மனென்ட் டாட்டூ அலோ பண்றதே முன்னங்கையோட உள்பக்கம், அதாவது முழங்கை மடிப்புலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும், அப்புறம் புறங்கை. வேற எங்க இருந்தாலும் செலக்‌ஷன் கிடையாது, பழங்குடி மக்களுக்கு மட்டும் அவங்க வழக்கப்படி விதிவிலக்கு இருக்கு. எங்க ஆயா முன்னங்கைல கோலம் மாதிரி பச்சை குத்தியிருக்கும், கரெக்டா அதே எடம், ஆயாவுக்கு இருந்த விவரம் கூட இந்த கடைக்காரனுக்கு இல்ல. சிஆர்பிஎஃப் மாதிரி ஃபோர்ஸ்ல இன்னும் ஸ்ட்ரிக்ட், முன்னங்கைன்னா சல்யூட் அடிக்காத இடது கை மட்டும்தான், சைஸும் அந்த பாகத்துல கால்வாசிக்கு கம்மியா இருக்கணும்.

இது எதுவும் தெரியாம பையன் அப்புறம் அப்ளை பண்ணி, எக்ஸாம் எழுதி பாஸாகி, ஆர்மிக்கு ஆள் எடுக்குற ரேலிக்கு போயிட்டான். 1.6 கிலோமீட்டர 5 நிமிஷம் 30 செகண்டுக்குள்ள முடிச்சு முழுசா 60 மார்க், புல்-அப்ஸ் எல்லாம் ஓகே, ஹைட் ஓகே. மெடிக்கல்ல சட்டைய கழட்ட சொன்னாங்க, அவ்ளோதான். சட்டைக்குள்ள மறையுமாம்ல, மெடிக்கல்ல ஜட்டியோட தான் நிக்க வெப்பாங்கன்னு அந்தாளுக்கு யாரு சொல்றது.

லேசர் பண்ணிடலாம்னு ஸ்கின் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனேன். லேசர் இங்க்க பொடிப்பொடியா உடைக்க தான் செய்யும், அத வெளிய தள்றது நம்ம உடம்பு வேலை, அது மெதுவா தான் நடக்கும், அதனால ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஆறு எட்டு வாரம் கேப் விடணும்னாங்க. கருப்பு சீக்கிரம் போகும், பச்சை தான் அடம் பிடிக்கும். இப்ப போய் பாத்தா கத்தி சாம்பல் கலர்ல மங்கிடுச்சு, கேட்காம போட்ட அந்த பச்சை மட்டும் திட்டு திட்டா அப்படியே நிக்குது, ஒரு ஓரத்துல தோல் லேசா தடிச்சும் போச்சு. ஒரு சிட்டிங்குக்கு ரூ.4,000. காச விடுங்க, அக்னிவீருக்கு வயசு வரம்பு இருக்கு, லேசர் முடியுறதுக்குள்ள இன்னும் எத்தனை ரேலி போகுமோ.

கடைக்கு போய் கேட்டா, டேப்லெட்ல தம்பி போட்ட கையெழுத்த காட்றாங்க. பொடி எழுத்துல இங்கிலீஷ்ல, வேலை விஷயத்துக்கு கடை பொறுப்பில்லன்னு ஒரு லைன் இருக்காம். சரிப்பா, பொறுப்பில்லன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கணும், எதுக்கு அவ்ளோ தெரிஞ்ச மாதிரி அடிச்சு விட்ட? பையன் கேக்காம போட்டிருந்தா நான் இத எழுதவே மாட்டேன். அவங்க இன்ஸ்டா பக்கத்துல இன்னும் இவன் கை போட்டோ இருக்கு, கீழ "வருங்கால ராணுவ வீரர்"னு போட்டு ஒரு சல்யூட் எமோஜி.

வீட்ல யாராச்சும் ட்ரை பண்ணிட்டிருந்தா ஜாயின் இந்தியன் ஆர்மி சைட்ல நோட்டிஃபிகேஷன எறக்கி டாட்டூ பத்தி இருக்குற பாராவ மட்டுமாச்சும் படிக்க சொல்லுங்க, செலக்‌ஷன் முடியுற வரைக்கும் ஆசைக்கு மருதாணி போட்டுக்கட்டும். பணம் குடுத்தா பில்லு கேளுங்க, குடுக்கலன்னா ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் சாட்டையும் அழிக்காதீங்க. அத வெச்சு தான் நான் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன், லேசர் செலவ கடை தான் குடுக்கணும்னு கேட்டிருக்கேன். பதில் வந்தா எழுதுறேன்.