எஸ்.ஐ. பெல்ட்டா, பயிற்சியா, ஊசியா, இம்ப்ளான்ட்டா: இடுப்பு மூட்டுத் தளர்வுக்கும் நரம்பு வலிக்கும் எது எதற்கு?

இடுப்பின் பின்பக்கம், பிட்டத்துக்குச் சற்று மேலே, இரு பக்கமும் ஒரு சிறு குழி இருக்கும். "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் அந்தக் குழியை ஒட்டி ஒற்றை விரலை வைத்துக் காட்டுபவருக்கு, முதலில் சந்தேகிக்க வேண்டியது எஸ்.ஐ. (சாக்ரோஇலியாக்) மூட்டை. தண்டுவடத்தின் அடியிலுள்ள முக்கோண எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் இடம் அது. அதன் பிடிப்பு தளர்ந்தால் படி ஏறும்போதும், படுக்கையில் புரளும்போதும், ஒற்றைக் காலில் நின்று பேன்ட் போடும்போதும் வலிக்கும்.

நரம்பு வலியை அப்படி ஒரு விரலால் காட்ட முடியாது. எரிகிறது, ஷாக் அடிக்கிறது, எறும்பு ஊர்கிறது என்பார்கள். அடியிடுப்பில் ஓடும் பியூடெண்டல் நரம்பு நெருக்கப்பட்டால், உட்கார்ந்தால் வலி கூடும், கழிப்பறை சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் விந்தையாகக் குறையும், தூக்கத்தைக் கலைக்காது. இதை உறுதிசெய்ய பிரான்சின் நான்ட் நகரில் வகுக்கப்பட்டு 2008-இல் வெளியான ஐந்து அளவுகோல்களில் இரண்டு, உட்கார்ந்தால் கூடுவதும் இரவில் எழுப்பாததும்.

இந்தப் பிரிவினையைச் செய்யாமல் பெல்ட் வாங்குவதும் மாத்திரை விழுங்குவதும்தான் பாதிப் பேருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும் அலைச்சல். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒவ்வொரு வழியும் எந்தப் பாதிக்கு உதவுகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் மூன்று விலக்குகள். சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் தெரியாமல் போவது, சைக்கிள் சீட் படும் இடம் மரத்துப்போவது, இரு கால்களும் தளர்வது: இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் அன்றே அவசரப் பிரிவு. நாற்பது வயதுக்குள் இருந்து, பின்னிரவில் வலி எழுப்பி, காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பாக இருந்தால் அது தளர்வல்ல, முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்தால் காசநோயைத் தேட வேண்டும். எஸ்.ஐ. மூட்டிலும் டி.பி. வரும், அதற்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் விளைவு மோசம். எம்.ஆர்.ஐ. எடுப்பதன் முக்கியப் பயன் இவற்றை விலக்குவதுதான். அது தளர்வைக் காட்டாது, "நார்மல்" என்று வந்தால் வலி பொய் என்றும் ஆகாது.

மூன்று விதக் கட்டு

மருந்துக் கடையில் "இடுப்பு பெல்ட்" என்று கேட்டால் கம்பி வைத்த அகலமான முதுகு பெல்ட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது இடைக்கு உரியது, வயிற்றை அழுத்தும். தளர்ந்த எஸ்.ஐ. மூட்டுக்கு அதனால் பெரிய பயனில்லை. அடியிடுப்புத் தசை நொய்ந்தவர்களுக்கு அழுத்தம் கீழே இறங்கித் தொல்லையும் தரலாம். பிரசவத்துக்குப் பின் வீட்டில் கட்டிவிடும் பழைய புடவைத் துணியும் இதே கணக்கு. வயிற்றுக்கு இதமாக இருக்கும், ஆனால் கட்டு மேலே இருப்பதால் மூட்டைப் பிடிக்காது. கேட்டு வாங்க வேண்டியது எஸ்.ஐ. பெல்ட் அல்லது ட்ரொகான்டரிக் பெல்ட்: 5 முதல் 8 செ.மீ. அகலம், அதிகம் இழுபடாத பட்டை.

இடம்தான் எல்லாமே. இடுப்பின் முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் இரண்டு எலும்பு முனைகளுக்குச் சற்றுக் கீழே, தொடையின் வெளிப்புறம் புடைத்திருக்கும் எலும்புக்கு மேலே. வலி பின்பக்கமில்லாமல் முன்பக்க மூட்டில், அதாவது அடிவயிறு முடிகிற இடத்து எலும்பில் இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே இறக்கலாம்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பெல்ட்டை அடியில் விரிக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு, இரண்டு முனைகளையும் ஒரே வேகத்தில் நடுவுக்கு இழுத்து ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பெல்ட் திரும்பிக்கொள்ளும். தட்டையாக இரண்டு விரல் நுழைந்தால் சரி. சோதனைகளில் பயன்படுத்திய இறுக்கம் சுமார் 50 நியூட்டன், அதாவது ஐந்து கிலோ எடை இழுக்கும் அளவு. அதற்கு மேல் இறுக்கினால் பிடிப்பு கூடாது, வெளித்தொடையில் மதமதப்புதான் வரும். அந்த மதமதப்பு அங்கே ஓடும் தோல் நரம்பு நசுங்குவதன் அடையாளம், உடனே தளர்த்த வேண்டும். புடவை கட்டுபவர்கள் பாவாடை நாடா முடிச்சை பெல்ட்டுக்கு மேலே ஏற்றிக் கட்டுவது நல்லது. முடிச்சு பெல்ட்டுக்குள் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் அந்த இடம் கன்றிவிடும். வெயில் காலத்தில் அடியில் மெல்லிய பருத்தித் துணி இல்லாமல் அணிந்தால் வேர்க்குரு நிச்சயம்.

வாங்கும் முன்பே பெல்ட் உதவுமா என்று பார்த்துவிடலாம். மல்லாந்து படுத்து, பாதங்களை 20 செ.மீ. இடைவெளியில் வைத்து, ஒரு காலை முழங்கால் மடங்காமல் 20 செ.மீ. தூக்க வேண்டும். எவ்வளவு கடினம் என்று 0 முதல் 5 வரை மதிப்பெண். பிறகு வீட்டில் ஒருவர் இடுப்பை இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க, மறுபடி தூக்க வேண்டும். கால் இலேசானால் பெல்ட்டுக்குக் காசு கொடுக்கலாம். வித்தியாசமே இல்லையென்றால் காசை பிசியோவுக்கு வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்தால் எரியும் நரம்பு வலிக்கு பெல்ட் பெரும்பாலும் வீண்.

பெல்ட்டும் பயிற்சியும்

இவை போட்டியாளர்கள் போலத் தெரிந்தாலும் காலம் வேறு. பெல்ட் மாட்டிய நிமிடத்தில் வேலை செய்கிறது, கழற்றியதும் நின்றுவிடுகிறது. பயிற்சி முதல் மாதம் ஒன்றும் செய்யாதது போல இருக்கும். நார்வேயில் பிரசவத்துக்குப் பின் இடுப்பு வலி இருந்த 81 பெண்களிடம் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், மூட்டைப் பிடிக்கும் தசைகளுக்கென வகுத்த பயிற்சியை 20 வாரம் செய்தவர்களுக்கு, அது இல்லாத மற்ற சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவான முன்னேற்றம் இருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. 20 வாரம் என்பதுதான் கவனிக்க வேண்டிய எண். மூன்றாம் வாரம் விட்டுவிட்டு "பயிற்சி பலிக்கல" என்பவர்கள் அதிகம்.

தொடக்கம் சாதுவானது. அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, மூச்சை அடக்காமல் 10 விநாடி, பத்து முறை. முழங்கால் நடுவே தலையணை வைத்து அழுத்துவது. இரு காலும் ஊன்றி இடுப்பைத் தூக்குவது. இவை வலியில்லாமல் ஓடிய பிறகே கையும் எதிர்க்காலும் நீட்டுவது, பிறகு அரைக் குந்தல். அளவுகோல் மறுநாள் காலை: அன்றைய வலி வழக்கத்தைவிடக் கூடினால் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும், முழுதாக நிறுத்த வேண்டாம்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, "இறுக்கமா இருக்கு" என்று நீட்டுவது. தளர்ந்த மூட்டைக் காக்கத் தசை தானே இறுகிக்கொள்கிறது. அதை பத்தகோணாசனம், ஹனுமனாசனம் போன்ற காலை அகட்டி நீட்டும் யோகாசனங்களில் இழுத்துவிட்டால் அன்று சுகமாக இருக்கும், மறுநாள் படியில் தெரியும். உடம்பு இயல்பிலேயே வளைந்து கொடுப்பவர்கள், கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறவர்கள், இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரண்டாவது, கீகல், அதாவது அடியிடுப்புத் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி. நரம்பு எரிச்சல் உள்ளவர்களில் பலருக்கு அடியிடுப்புத் தசை ஏற்கெனவே இறுகித்தான் கிடக்கிறது. அவர்கள் பழக வேண்டியது இறுக்குவதை அல்ல, விடுவதை. எந்த வகை என்று அடியிடுப்பு பிசியோ பரிசோதித்துச் சொன்ன பிறகே கீகல்.

"மூட்டு விலகியிருக்கு, தட்டி உட்கார வெச்சிடலாம்" என்பவர்களைப் பற்றி ஒரே பத்தி போதும். இந்த மூட்டு சுழல்வது பொதுவாக 2 முதல் 4 டிகிரி, நகர்வது ஓரிரு மில்லிமீட்டர். 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, 'டக்' என்று சத்தம் வரத் திருப்பிவிடுவதற்கு முன்னும் பின்னும் மூட்டின் இடத்தை நுணுக்கமான எக்ஸ்ரே முறையில் அளந்தது. இடம் மாறவில்லை. தசை தளர்வதால் சில நாள் சுகம் கிடைப்பது உண்மை. ஆனால் தளர்ந்த மூட்டை மாதாமாதம் வெடுக்கென்று திருப்புவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

ஊசிகளுக்குள்

முதல் ஊசியை மருந்தாகப் பார்க்காமல் பரிசோதனையாகப் பார்ப்பது புத்திசாலித்தனம். சி-ஆர்ம் எக்ஸ்ரே பார்த்து, மூட்டுக்குள் 2 மி.லி. அளவில் மரப்பு மருந்து. படம் பார்க்காமல் கை அனுமானத்தில் போட்டால் பெரும்பாலும் மூட்டுக்குள் போகாது. போட்டபின் படுத்துவிடக் கூடாது. வலி வரும் வேலையையே செய்து, மணிக்கொரு முறை மதிப்பெண் எழுத வேண்டும். முக்கால் பங்காவது குறைந்தால் குற்றவாளி அந்த மூட்டுதான். குறையவே இல்லையென்றால், அதே மூட்டுக்கான அடுத்த ஊசியும் அறுவையும் அர்த்தமற்றவை.

ஸ்டீராய்டு (வழக்கமாக 40 மி.கி. ட்ரையாம்சினலோன்) சில நாளில் பிடித்து, சில வாரமோ மாதமோ தாங்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு சில நாள் எகிறும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அது அழற்சியைத் தணிக்கும், தளர்வை ஒன்றும் செய்யாது. ப்ரோலோதெரபி எனும் குளுக்கோஸ் ஊசி எதிர்த்திசை: வேண்டுமென்றே உறுத்தி, திசு வளரத் தூண்டப் பார்க்கிறது. கொரியாவில் 48 பேரிடம் 25% டெக்ஸ்ட்ரோஸையும் ஸ்டீராய்டையும் ஒப்பிட்டு 2010-இல் வெளியான ஆய்வில், 15 மாதம் கழித்தும் பாதிக்குமேல் வலி குறைந்திருந்தவர்கள் முறையே 58.7% மற்றும் 10.2%. சின்ன ஆய்வுதான். ஆனாலும் தளர்வு உறுதியானவருக்கு இரண்டில் ஒன்று என்றால் ப்ரோலோ பக்கம்தான் சாய்வோம். போட்ட ஓரிரு நாள் வலி கூடும், அப்போது டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை போட்டால் ஊசியின் நோக்கமே கெடும் என்று பாராசிட்டமால் மட்டும் அனுமதிப்பார்கள்.

ரேடியோ அலைச் சூட்டு சிகிச்சை மூட்டின் பின்பக்கத்திலிருந்து வலியைக் கொண்டுபோகும் சிறு நரம்புகளைக் கருக்குகிறது. சாதாரண முறையில் 80 டிகிரி, 90 விநாடி. குளிரூட்டிய முனையில் 60 டிகிரி, 150 விநாடி, கருகும் பரப்பு பெரிது. நிவாரணம் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு, பிறகு நரம்பு வளர்ந்துவிடும். மூட்டின் முன்பக்க வலிக்கு இது எட்டாது. அந்த இடைவெளியைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாதவருக்கு இது வாடகை வீடு மாதிரி.

மாத்திரைகள்

நரம்பு வலிக்கு நம் ஊரில் முதல் சீட்டிலேயே வருவது ப்ரீகாபலின் 75 மி.கி., கூடவே மெத்தில்கோபாலமின் எனும் பி12 வைட்டமின், ஒரே கேப்ஸ்யூலில். இந்தக் கலவையில் சிக்கல், அளவை மெல்லக் கூட்டவோ குறைக்கவோ வசதியில்லை என்பது. மயக்கம், கால் வீக்கம், எடை கூடுதல் மூன்றும் இதில் உண்டு. சிறுநீரகம் பழுதானால் அளவைக் குறைத்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் சியாட்டிகா (இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கும் நரம்பு வலி) உள்ள 209 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான சோதனையில் ப்ரீகாபலின் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. ஆகவே காலில் இழுக்கும் வலிக்கு இதை மாதக்கணக்கில் தொடர்வதற்கு நியாயம் குறைவு.

அமிட்ரிப்டிலின் இரவு 10 மி.கி. விலை மலிவு, தூக்கத்துக்கு உதவும். ஆனால் மலச்சிக்கல் தரும், முக்கினால் பியூடெண்டல் நரம்பு இழுபடும், வாசல் வழி விட்டதை ஜன்னல் வழி பிடித்த கதை. டுலோக்ஸெடின் 30-இல் தொடங்கி 60. பகலில் மந்தம் குறைவு, முதல் வாரம் குமட்டல். மனச்சோர்வும் சேர்ந்தவருக்கு இதுதான் பொருத்தம். எதுவானாலும் ஒரு மாதம் சரியான அளவில் பார்த்து, 30 சதமாவது குறையவில்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும். தானாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் மாத்திரை தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அறுவை

மூட்டை அசையாமல் பூட்டும் இம்ப்ளான்ட் இது. முக்கோண வடிவ டைட்டானியக் கம்பிகள், வழக்கமாக மூன்று, பக்கவாட்டில் சிறு கீறல் வழியே இடுப்பெலும்பைத் துளைத்து மூட்டைத் தாண்டிச் செல்லும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இவ்வகைக்கு 2008-இல் அனுமதி கொடுத்தது. ஆறு மாதம் முறையான பயிற்சியும், மேலே சொன்ன பரிசோதனை ஊசியில் தெளிவான பதிலும் இல்லாமல் இதற்குக் கையெழுத்திட வேண்டாம். வாரக்கணக்கில் ஊன்றுகோல் வேண்டும். ஒரு கம்பி நரம்புத் துவாரத்தை உரசினால் புதிதாகக் கால் வலி கிளம்பும், கழற்ற வேண்டிவரலாம். பியூடெண்டல் எரிச்சலுக்கு இந்த அறுவை பதிலே அல்ல.

அன்றாட உட்காரல்

வட்ட டோனட் குஷனை விட நடுவில் நீளப் பள்ளம் வெட்டிய குஷன் மேல். டோனட் ஓரம் முழுக்க அழுத்தி, நடுப்பகுதியைக் கீழே தொங்கவிடும். பள்ளம் வெட்டியதில் எடை இரு உட்காரும் எலும்புகள்மேல் நிற்கும், நரம்புப் பாதை காலியாக இருக்கும்.

கழிப்பறையில் குந்தி உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் எஸ்.ஐ. மூட்டுக்குச் சோதனை, ஒரு காலில் ஊன்றி எழுவதால். வெஸ்டர்ன் கமோடும் பக்கத்தில் கைப்பிடியும் நல்லது. நரம்பு வலிக்காரர் முக்காமல் இருக்க, இரு பாதமும் ஒரே உயரத்தில் 15 செ.மீ. பலகை மேல் வைத்தால் போதும்.

ஸ்கூட்டரில் ஒருபக்கமாக உட்கார்ந்தால் எஸ்.ஐ. மூட்டு முறுக்கப்படும், கால் இருபக்கம் போட்டு ஏறினால் முன்மூட்டு பிளக்கப்படும். உங்கள் வலி எதில் என்று பார்த்துத் தேர்வு, இரண்டிலும் என்றால் ஆட்டோ. பேருந்தில் பின்சக்கரத்துக்கு மேலான கடைசி சீட்டு வேண்டவே வேண்டாம். காரில் முதலில் பிட்டத்தை வைத்து, முழங்கால்களை ஒட்டியபடி இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்ப வேண்டும். சீட் மேல் ஒரு பிளாஸ்டிக் கவர் விரித்தால் துணி உரசாமல் சுலபமாகத் திரும்பும். திரும்பி முடித்ததும் கவரை உருவிவிடுங்கள், இல்லையென்றால் முதல் பிரேக்கிலேயே முன்னால் வழுக்குவீர்கள்.