வேலைக்காரக் கறையானின் மயிரை நம்பலாமா? சிப்பாய், குடல், மரபணு ஆகியவற்றோடு ஓர் ஒப்பீடு

தென்னங்கன்றின் அடித்தண்டில் அப்பியிருக்கும் மண்பூச்சைக் குச்சியால் தட்டிவிட்டால் முதலில் கண்ணில் படுவது வெளிறிய நிறத்தில் சிதறி ஓடும் வேலைக்காரக் கறையான்கள்தான். சிப்பாய் ஒன்றிரண்டு முன்னே வந்து தாடையை விரித்து நின்றால் நம் அதிர்ஷ்டம். பெரும்பாலும் அதற்குள் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் ஒட்டி ஒட்டி எடுத்துக் குப்பியில் போட்டுக்கொண்டு வந்து எண்ணிப் பார்த்தால் அறுபது வேலைக்காரர்கள் இருப்பார்கள், சிப்பாய் ஒன்றுகூட இருக்காது. கறையானுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் இந்தக் குப்பியைப் பார்த்திருப்பார்கள்.

"வேலைக்காரன் உடம்பில் இருக்கும் முள்மயிர்களின் அமைப்பை வைத்தே இனத்தைச் சொல்லிவிட முடியாதா?" என்ற கேள்வி எழுவது இந்தக் குப்பியால்தான். நியாயமான கேள்வி. ஆனால் மற்ற வழிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

சிப்பாயின் தலை

இன்றுவரை கறையான் வகைப்பாட்டின் முதுகெலும்பு சிப்பாய்தான். இந்தியக் கறையான்களுக்கு ரூன்வாலும் சோட்டானியும் எழுதி 1989-இல் ஒரு தொகுதி வந்தது. அடுத்ததைச் சோட்டானி 1997-இல் முடித்தார். இரண்டிலும் இனம் பிரிக்கும் திறவுகோல்கள், அதாவது அடையாளங்களைப் படிப்படியாகப் பார்த்துப் பெயரை எட்ட உதவும் பட்டியல்கள், சிப்பாயையும் ஈசலையும் நம்பியே நிற்கின்றன. காரணம் எளிது. சிப்பாயின் தலை சண்டைக்கென்றே வடிவெடுத்தது. தலையின் நீள அகலம், தாடையின் வளைவு, இடது தாடையில் பல் எந்த இடத்தில் நிற்கிறது என்பவை இனத்துக்கு இனம் மாறும். நம் ஊர்ப் புற்றுக் கறையான்களான ஓடோன்டோடெர்மிஸ் பேரினத்தில் அந்த ஒற்றைப் பல்லின் இடம்தான் பாதி வேலையை முடித்துவிடும்.

மயிரை வைத்து இனம் பிரிப்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணமும் சிப்பாயிடம்தான் இருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவில் இரண்டு வந்தேறிக் கறையான்கள் ஒரே ஊரில் வீடுகளை அரிக்கின்றன. கோப்டோடெர்மிஸ் ஃபார்மோசானஸ் அங்கே 1980-இல் தெரியவந்தது. கோப்டோடெர்மிஸ் ஜெஸ்ட்ரோய் 1996-இல் மியாமியில் கண்டறியப்பட்டது. இரண்டின் சிப்பாய்க்கும் பேரிக்காய் வடிவத் தலை, நெற்றியில் பால்போன்ற திரவம் கசியும் துளை. அந்தத் துளையின் பக்கவாட்டில் நிற்கும் மயிரைப் பார்க்க வேண்டும். ஃபார்மோசானஸுக்கு இரண்டு ஜோடி, ஜெஸ்ட்ரோய்க்கு ஒரு ஜோடி. கைலென்ஸும் நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும். இரண்டா நான்கா என்று எண்ணத் தெரிந்த யாரும் சொல்லிவிடலாம்.

இவ்வளவு எளிய அடையாளம் எல்லாக் கறையானுக்கும் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. சிக்கல் சிப்பாய்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. ரெட்டிகுலிடெர்மிஸ் போன்ற பேரினத்தில் நூறு கறையானுக்கு ஒன்றிரண்டு சிப்பாய்தான் தேறும். தென் அமெரிக்காவில் அனாப்லோடெர்மிஸ் கூட்டம் முழுவதற்கும் சிப்பாயே கிடையாது. எதிரி வந்தால் எதிர்த்து நிற்க வேலைக்காரர்கள் மட்டும்தான். அந்தக் காட்டில் நின்றுகொண்டு சிப்பாய்த் திறவுகோலைப் புரட்டிப் பயனில்லை.

வேலைக்காரனின் மயிர்

அவசரமாக மயிரை எண்ணிவிட்டுப் பெயர் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படிச் செய்திருக்கிறேன். அதனால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும்.

குப்பியிலிருந்து எடுத்த கறையானை அப்படியே நுண்ணோக்கியில் வைத்தால் மயிர் தெரியாது. ஆல்கஹாலில் மூழ்கியிருக்கும்போது ஒளி ஊடுருவிப் போய்விடும். வெளியே எடுத்தால் ஈரம் மயிர்களை உடம்போடு படியவைத்துவிடும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து உள்ளே இருக்கும் சதையைக் கரைத்து, மேல்தோலை மட்டும் கண்ணாடி வில்லையில் (ஸ்லைடில்) விரித்தால் காட்சியே மாறிவிடும். ஓடோன்டோடெர்மிஸ் போன்றவற்றில் முன்மார்புத் தகடு குதிரைச் சேணம்போல வளைந்து கிடக்கும். அதன் விளிம்பில் நீளமான மயிர்கள் ஓர் ஒழுங்கில் நிற்கும். நடுவில் குட்டை மயிர்கள் தூவியதுபோல இருக்கும். ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு சிறிய வளையம், மயிர் செருகப்பட்ட குழி.

எண்ண வேண்டியது அந்த வளையத்தைத்தான். மண் சுரங்கத்தில் நாள் முழுவதும் உரசி நடக்கும் உடம்பில் மயிர் உடைந்து உதிர்வது இயல்பு. பிரஷ் பட்டும் உதிரும், குப்பி குலுங்கினாலும் உதிரும். குழி மட்டும் அப்படியே இருக்கும். மயிரை எண்ணினால் ஒரே புற்றின் இரண்டு கறையான்கள் இரண்டு இனம்போலத் தெரியும். குழியை எண்ணினால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். முழு எண்ணிக்கையைவிட ஒழுங்கு இன்னும் நம்பகமானது. விளிம்பில் நீள மயிர்கள் ஒரு வரிசையா இரண்டு வரிசையா, தலை உச்சியில் எந்த இடத்தில் ஜோடியாக நிற்கின்றன, முன்னங்காலின் உள்பக்கத்தில் தடித்த மயிர்கள் வரிசை கட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அடுத்த சிக்கல் வயது. ரெட்டிகுலிடெர்மிஸ், கோப்டோடெர்மிஸ் போன்ற பேரினங்களில் வேலைக்காரர்கள் தோலுரித்துத் தோலுரித்து வளர்கிறவர்கள். ஒவ்வொரு தோலுரிப்புக்குப் பிறகும் புது மேல்தோலில் புது மயிர்கள் வரும். அதனால் இளம் வேலைக்காரனையும் முதிர்ந்த வேலைக்காரனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை. உணர்கொம்பின் கணுக்களை எண்ணி, ஒரே நிலையில் இருப்பவர்களைத்தான் ஒன்றாக வைக்க வேண்டும். ஓடோன்டோடெர்மிஸில் இன்னொரு பிரிவு உண்டு. பெரிய வேலைக்காரர்கள் ஆண்கள், சிறிய வேலைக்காரர்கள் பெண்கள். பெரியதைப் பெரியதோடும் சிறியதைச் சிறியதோடும்தான் ஒப்பிட வேண்டும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உயிருள்ள தண்டையே குடையும் கிளிப்டோடெர்மிஸ் டைலடேட்டஸ் வகையில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே உண்மையான வேலைக்கார வர்க்கமே இல்லை. வேலைக்காரனாகத் தெரிவது வளர்நிலையில் இருக்கும் குஞ்சு. நாளைக்கு அது சிப்பாயாகலாம், ஈசலாகவும் ஆகலாம். அதன் மயிரை எண்ணி எழுதினால், எழுதியது இனத்தின் அடையாளமா அந்த வாரத்து வளர்ச்சியின் அடையாளமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இவ்வளவு கவனத்தோடு செய்தால் என்ன கிடைக்கும்? இரண்டு குப்பிகளைப் பக்கத்தில் வைத்து "இவை ஒன்றல்ல" என்று சொல்லும் தைரியம் கிடைக்கும். "இது இன்ன இனம்" என்று சொல்லும் தைரியம் கிடைக்காது. இந்த வேறுபாட்டைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். மயிர் அமைப்பு பிரிக்க உதவும், பெயர் சூட்ட உதவாது. பெயர் சூட்ட வேண்டுமென்றால், சிப்பாயை வைத்து ஏற்கெனவே பெயர் உறுதியான புற்றிலிருந்து எடுத்த வேலைக்காரர்களின் வில்லை ஒன்று நம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் அச்சில் இருக்கும் வர்ணனையோடு மட்டும் ஒப்பிட்டால் சறுக்கல் நிச்சயம்.

தாடையும் குடலும்

வேலைக்காரனை மட்டுமே வைத்துக்கொண்டு பேச வேண்டுமென்றால் மயிரைவிட வலுவான சாட்சிகள் அவன் உடம்பிலேயே உண்டு. லாகூரைச் சேர்ந்த முஸஃபர் அகமது 1950-இலேயே ஈசல், வேலைக்காரன் ஆகியவற்றின் தாடைப் பற்களை வைத்துக் கறையான் பேரினங்களின் உறவை வரைந்து காட்டினார். கறையான் ஆய்வாளர் சாண்ட்ஸ் 1998-இல் ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு மண்ணில் கிடைக்கும் வேலைக்காரக் கறையான்களைப் பேரினம்வரை பிரிக்க முழு நூலே எழுதினார். அது பேரினத்தோடு நின்றதைக் கவனிக்க வேண்டும். ஒரு வாழ்நாளை இதில் செலவிட்டவரே வேலைக்காரனை வைத்து அந்த எல்லையோடு நிறுத்திக்கொண்டார்.

சிப்பாயில்லாத கூட்டத்தில் குடல்தான் கைகொடுக்கிறது. பின்குடலில் ஒரு சிறிய வால்வு இருக்கிறது. அதன் உட்சுவரில் முட்களும் மேடுகளும் இனத்துக்கு இனம் வேறு வேறு விதமாக அமைந்திருக்கும். மண் தின்னும் கறையானின் வயிற்றைப் பிரித்து, மண்ணைக் கழுவி, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த வால்வை வெட்டி விரிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஊசி ஒரு முறை நழுவினால் அந்தக் கறையான் போனதுதான். ஆனாலும் பலன் பெரியது. சிப்பாயில்லாத கறையான்களில் புதிய பேரினங்களே இந்த வால்வை வைத்து விவரிக்கப்பட்டிருக்கின்றன. என் கணிப்பில் வெளித்தோலின் மயிரைவிடக் குடலுக்குள் இருக்கும் முள் பல மடங்கு மேல்.

புற்று, ஈசல்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தென்னிந்தியாவில் நுண்ணோக்கியைத் தொடும் முன் புற்றைப் பார்த்துவிடுவது நல்லது. ஓடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ் கட்டும் புற்று கோபுரம்போல, பக்கங்களில் முட்டுக்கொடுத்தது மாதிரி மடிப்புகளோடு, திறந்த வாயில்லாமல் உயரும். ஓடோன்டோடெர்மிஸ் வாலோனென்சிஸ் புற்றில் புகைபோக்கி மாதிரித் திறந்த குழாய்கள் இருக்கும். இலங்கையில் ஹாஸ்பிடாலிடெர்மிஸ் மோனோசெராஸ் பட்டப்பகலில் மரப்பட்டையில் கறுப்பு ஊர்வலமாகப் போய்ப் பாசிக்காளான் சேகரிக்கும். அதை அடையாளம் காண மயிரும் வேண்டாம், குடலும் வேண்டாம். அதற்கு 1779-இல் பெயர் சூட்டியவர் தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த, இயற்கையியலாளர் லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கூனிக். தஞ்சாவூர்ப் பக்கத்து வெள்ளை எறும்புகளைப் பற்றி அவர் எழுதியதும் அதே ஆண்டில்தான்.

ஈசல் நல்ல சாட்சி, ஆனால் பறக்கும் பருவத்தில் மட்டுமே கிடைக்கும். பூச்சி வந்துவிட்டது என்று தோட்டக்காரர் நம்மைக் கூப்பிடுவது அந்தப் பருவத்தில் அமைவது அபூர்வம்.

மேல்தோல் மெழுகும் மரபணுவும்

மேல்தோலில் மெழுகுபோலப் பூசியிருக்கும் ஹைட்ரோகார்பன்களை, ஒரு கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகக் காட்டும் வாயு நிறப்பிரிகைக் கருவியில் ஓட்டியும் இனம் பிரிக்கலாம். மைக்கேல் ஹேவர்ட்டியும் உடன் உழைத்தவர்களும் வட அமெரிக்கக் கறையான்களில் இதை நன்றாக நிறுவினார்கள். வேலைக்காரனே போதும் என்பது இதன் சிறப்பு. பழைய குப்பிகளுக்கு இது அவ்வளவு தோதானதல்ல, ஏனென்றால் நாள்பட ஆல்கஹாலே அந்த மெழுகைக் கரைத்து எடுத்துவிடும்.

மரபணுதான் இன்று எல்லோரும் ஓடிப்போய்ப் பிடிக்கும் கை. ஒரு காலை வெட்டி அனுப்பினால் போதும், வேலைக்காரனா சிப்பாயா என்ற பேச்சே இல்லை. பிரான்சில் தனி இனமாகக் கருதப்பட்டு வந்த ரெட்டிகுலிடெர்மிஸ் சான்டோனென்சிஸ், அமெரிக்காவிலிருந்து வந்த ரெட்டிகுலிடெர்மிஸ் ஃபிளேவிபெஸ்தான் என்று முடிவாகியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மயிரை எண்ணிக்கொண்டிருந்தால் அந்த முடிவுக்கு இத்தனை உறுதி வந்திருக்காது.

ஆனாலும் இரண்டு குறைகளைச் சொல்லாமல் விட மனமில்லை. வழக்கமாகப் படிக்கப்படுவது மைட்டோகாண்ட்ரியா மரபணு. அது தாய்வழி மட்டுமே வரும். ஃபுளோரிடாவில் ஃபார்மோசானஸும் ஜெஸ்ட்ரோயும் பறக்கும் நாட்கள் ஒன்றோடொன்று மேற்படியத் தொடங்கி, இரண்டும் கலந்து ஜோடி சேர்வதையும், அந்தக் கலப்பில் பிறந்த கூட்டங்கள் ஆய்வகத்தில் செழிப்பாக வளர்வதையும் 2015-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அப்படிப்பட்ட கலப்பினத்தின் மைட்டோகாண்ட்ரியாவைப் படித்தால் தாயின் பெயர்தான் வரும், தகப்பன் மறைந்துபோவான். இரண்டாவது குறை, மரபணு வரிசையை ஒப்பிடும் தரவுத்தளத்தில் இருக்கும் பெயரை யார் வைத்தார்கள் என்பது. தென்கிழக்கு ஆசியாவில் ஜெஸ்ட்ரோயை நெடுங்காலம் கோப்டோடெர்மிஸ் டிராவியன்ஸ் என்ற வேறோர் இனத்தின் பெயரால் அழைத்து வந்திருக்கிறார்கள். அது தவறு என்று 2003-இல்தான் தெளிவுபடுத்தப்பட்டது. தவறான பெயரோடு ஏற்றிய வரிசையோடு நம் வரிசை நூற்றுக்கு நூறு பொருந்தினாலும் கிடைப்பது அதே தவறான பெயர்தான்.

எதை எப்போது

சிப்பாய் கிடைத்தால் சிப்பாய்தான், வேறு யோசனை வேண்டாம். கிடைக்கவில்லையென்றால் மண்ணை இன்னும் ஒரு முறை கிளறிப் பார்ப்பது எந்தக் கருவியையும்விட மலிவு. சிப்பாயே இல்லாத பேரினம் என்றால் குடல் வால்வும் மரபணுவும். சிப்பாய் உண்டு, ஆனால் கையில் இல்லை என்ற நிலையில் முதலில் தாடையை வைத்துப் பேரினம், பிறகு மயிர். அந்த மயிரும் "இந்தக் குப்பியில் எத்தனை வகை?" என்ற கேள்விக்கு மட்டும். எப்படியானாலும் களத்திலேயே பாதியைச் சாதாரண 80 சதவீத ஆல்கஹாலிலும் பாதியைத் தூய ஆல்கஹாலிலும் தனித்தனியாகப் போட்டுவிட வேண்டும். முதலாவது வில்லைக்கு, இரண்டாவது மரபணுவுக்கு.

முதலில் சொன்ன அறுபது வேலைக்காரர்கள் குப்பிக்கு வருகிறேன். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னங்கன்றுகளிலிருந்து வந்தது. பெரிதும் சிறிதுமாக இருந்ததால் ஓடோன்டோடெர்மிஸின் பெரிய, சிறிய வேலைக்காரர்கள் என்று சீட்டில் எழுதி வைத்துவிட்டேன். வில்லை போட்டபோது சிறியவர்களிடையே ஒத்துப்போகவில்லை. சிலருக்கு முன்மார்புத் தகட்டின் விளிம்பில் மயிர்க்குழிகள் நெருக்கமாக இருந்தன, மற்றவர்களுக்கு விலகி. உணர்கொம்புக் கணுக்களை எண்ணி ஒரே நிலையினரை மட்டும் சேர்த்துப் பார்த்தும் அந்த இரண்டு ஒழுங்குகளும் கலக்கவில்லை. ஓடோன்டோடெர்மிஸ் புற்றுக்குள்ளேயே ஒட்டிக் குடியிருக்கும் பழக்கம் மைக்ரோடெர்மிஸ் என்ற இன்னொரு கறையான் பேரினத்துக்கு உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாளே போய் அதே கன்றின் வேரடியைப் பிட்டுப் பிட்டு, வெள்ளைத் தட்டில் உதறினோம். தாடை நீட்டிய ஓடோன்டோடெர்மிஸ் சிப்பாய்கள் ஏழு கிடைத்தன. தட்டின் ஓரத்தில் மண்பருக்கை என்று நினைத்துத் தள்ளப்போன ஒன்றை லென்ஸில் பார்த்தால், வேலைக்காரனைவிடச் சிறிய உருவம், மெல்லிய தாடை: மைக்ரோடெர்மிஸ் சிப்பாய். முதல் நாள் அது கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் அதன் அளவுதான். பழைய சீட்டை எடுத்துவிட்டு, கறையான்களை இரண்டு குப்பியாகப் பிரித்து, இரண்டு சீட்டு எழுதி உள்ளே போட்டேன்.